மாமிக்கும் ஹமாலுக்கும் வைத்த சந்தனப் பொட்டு

கவுண்டரிலிருந்து நான் ரிட்டையர் ஆகிறேன். வயது இருபத்தொன்பது. சிரிக்க வேண்டாம். திங்கட்கிழமை முதல் எனக்குக் கடையின் பின்பக்கத்து ரிப்பேர் மேசை. முன்னால் இருக்கிற இந்தக் கண்ணாடி மேசை, புதிதாக வந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கு.

போவதற்கு முன் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று கடை முதலாளி சார் சொன்னார். தாராவி முனிசிபாலிட்டி ஸ்கூலை நான் ஏழாம் வகுப்போடு விட்டேன். அது என்னை விட்டதா, நான் அதை விட்டேனா என்பதில் இன்னும் தகராறு இருக்கிறது. ஆனாலும் தைரியமாக எழுதுகிறேன். உங்களில் இரண்டு பேர் தமிழை எழுத்துக் கூட்டி வாசிக்கிற ஆட்கள். என் பிழை உங்களுக்கு எங்கே தெரியப் போகிறது?

மாட்டுங்கா பூக்கடைகளுக்குப் பேர்போன இடம், அதனால் துப்பாக்கிக் கடைக்கு வருகிறவனும் முதலில் பூக்கடைக்குத்தான் வழி கேட்பான். உள்ளே வந்ததும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "சின்னதா, பாக்கெட்ல வைக்கிற மாதிரி, நல்லதா ஒண்ணு காட்டுங்க." லைசென்ஸைப் பார்ப்பதும், பிஸ்டலை வெளியே எடுத்ததும் அது காலியா என்று பார்ப்பதும் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதை நான் எழுதப் போவதில்லை. அந்த 'நல்லதா' என்ற வார்த்தைதான் என்னை ஒரு வருடம் தூங்கவிடவில்லை.

கல்யாணிலிருந்து ஒரு கான்ட்ராக்டர் வந்தார். சஃபாரி சட்டை, பெரிய வயிறு. தன் சின்னப் பிஸ்டலை மேசையில் வைத்து, "டூப்ளிகேட் மால் குடுத்திருக்கீங்க. மேல இழுக்கற ஸ்லைடு பாதியில நிக்குது. கம்பெனி டிஃபெக்ட்" என்று கத்தினார். உள்ளே ரிப்பேர் மேசையில் இருந்த சாகுல் அண்ணன் வாங்கிப் பிரித்தார். கடையநல்லூர்க்காரர், என்னைவிட எட்டு வயது பெரியவர், பேச்சை எண்ணி எண்ணிச் செலவழிப்பார். ஒரு வெள்ளைத் தாளில் உள்ளே இருந்ததை வரிசையாக வைத்தார். மூன்று சோம்பு, பீடித் தூள், சட்டைப் பஞ்சு, அப்புறம் பாதி லோக்கல் ரயில் டிக்கெட்.

"சார், கோவப்படாதீங்க. உங்க பிஸ்டல் முறையா டிக்கெட் எடுத்துத்தான் வந்திருக்கு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. சார் என்னைப் பார்த்த பார்வையில் அந்த மாதச் சம்பளம் ஒருமுறை ஆடி நின்றது.

இப்போது உங்களுக்கு ஒன்று புரிந்திருக்கும். பிஸ்டலை நாம் கண்ணாடி மேசையில் வைத்து ஒப்பிடுகிறோம். வாங்குகிறவர் அதைப் பாக்கெட்டில் வைக்கிறார். இந்த இரண்டு இடத்துக்கும் நடுவில் உள்ள தூரம், மாட்டுங்காவுக்கும் கல்யாணுக்கும் உள்ளதைவிட அதிகம். ஆனால் சோம்பைப் பார்த்த அன்று எனக்கு இது புரியவில்லை. ஜோக் சொல்லிவிட்டு மறந்துவிட்டேன். புரிவதற்கு ஆயுத பூஜை வர வேண்டியிருந்தது.

அந்தச் சமயத்தில் கடையில் இரண்டு சின்னப் பிஸ்டல்கள் இருந்தன. இரண்டும் ஒரே அளவு தோட்டா. ஒன்று பழைய வெளிநாட்டுச் சரக்கு, யாரோ பெரியவர் வீட்டிலிருந்து முறைப்படி விற்பனைக்கு வந்தது. கருநீலப் பாலிஷ், விளிம்பெல்லாம் மழமழவென்று இருக்கும். காதோரம் வைத்துக் குலுக்கினால் சத்தமே வராது. அவ்வளவு இறுக்கமான பொருத்தம். அதற்கு நான் வைத்த பெயர் மாமி. இன்னொன்று நம் நாட்டிலேயே செய்த புதுசு. அரம் போட்ட கோடுகூட அழியவில்லை, கனமும் அதிகம். குலுக்கினால் சாவிக்கொத்து மாதிரி லொடலொடவென்று சத்தம் கேட்கும். அதற்கு ஹமால் என்று பெயர் வைத்தேன். தாதர் ஸ்டேஷனில் தலையில் நாலு பெட்டியோடு ஓடுகிற சுமைகூலிகளைப் பார்த்திருப்பீர்கள், அந்த மாதிரி.

சாகுல் அண்ணன் மாமியின் கட்சி. அதன் ஸ்பிரிங்கை அவர்தான் மாற்றி, எண்ணெய் போட்டு, தயார் செய்திருந்தார். நான் ஹமால் கட்சி. ஏன் என்றால் அவர் மாமி கட்சி. வேறு காரணம் இல்லை.

செம்பூரிலிருந்து வக்கீல் அம்மா வந்தது அப்போதுதான். ஐம்பது வயதிருக்கும், மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். மான்குர்த் பக்கம் குடிசைகளைக் காலி செய்கிற வழக்கில் குடிசைக்காரர்களுக்காக நின்றார். இரண்டு தடவை பைக்கில் வந்தவர்கள் அவர் போன ஆட்டோவை மறித்து மிரட்டியிருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் லைசென்ஸ் கிடைத்தது. கோர்ட்டில் பேசுகிற மாதிரியே கடையிலும் பேசுவார்.

"இந்த ரெண்டுல எது அழகுன்னு நான் கேக்கலை. எனக்கு அது ஒரே ஒரு நாள்தான் வேணும். அந்த நாள் வராமலே போனா ரொம்ப சந்தோஷம். வந்தா, அன்னிக்கு எது வேலை செய்யும்?"

"ரெண்டும் வேலை செய்யும் மேடம்."

"ரெண்டும்னு சொல்றவன் ஒண்ணையும் பார்க்கலைன்னு அர்த்தம்."

சார் சிரித்துக்கொண்டே, ஆயுத பூஜைக்கு மறுநாள் சுட்டுப் பழகுகிற ரேஞ்சுக்குக் கொண்டுபோய் அவர் கண் முன்னால் இரண்டையும் சுட்டுக் காட்டுகிறோம் என்று சொன்னார். தோட்டா எளிதில் கிடைக்கிற சமாச்சாரம் இல்லை, அதற்கு அளவு உண்டு. அதனால் துப்பாக்கிக்குப் பத்து என்று முடிவானது.

நம் கடை ஆயுத பூஜையை அடுத்த வருடம் நீங்களும் பார்ப்பீர்கள். மதியத்துக்கு மேல் ஷட்டரைப் பாதி இறக்கி, வெள்ளைத் துணி விரித்து, எல்லாவற்றையும் வரிசையாக வைப்பார்கள். வரிசை வைப்பது எப்போதும் சாகுல் அண்ணன்தான். ஒவ்வொன்றும் காலியா என்று பார்த்து, துடைத்து, கோணல் இல்லாமல் அடுக்குவார். பூஜையைச் சார்தான் செய்வார். பொட்டு வைக்கிற வேலை அந்த வருடம் எனக்கு வந்தது.

"கைப்பிடிக் கட்டையில மட்டும் வைல" என்றார் சாகுல் அண்ணன், சொல்லிவிட்டுத் தொழுகைக்குப் போனார்.

கட்டையில்தான் வைத்தேன். அப்புறம் ஸ்டேட்டஸில் போட போட்டோ எடுக்கலாம் என்று மொபைலை எடுத்தேன். கட்டையில் வைத்த பொட்டு போட்டோவில் தெரியவே இல்லை. பிஸ்டலைப் பின்பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறீர்களா? குறி பார்க்கிற பள்ளம், அதற்குக் கீழே தட்டையாகக் கொஞ்சம் இடம், நடுவில் சின்னதாக ஒரு ஓட்டை. சுத்தியல் அடிக்கும்போது தோட்டாவைப் போய்க் குத்துகிற ஊசி அந்த ஓட்டைக்குள் இருக்கிறது. எனக்கு அது ஊசியாகத் தெரியவில்லை, நெற்றியாகத் தெரிந்தது. மாமிக்கு ஒரு பொட்டு வைத்தேன். ஹமாலுக்கு வைக்காவிட்டால் கோபித்துக்கொள்ளும் என்று அதற்கும் ஒன்று. சந்தனம் நல்ல குழைவாக இருந்தது, அதன் மேல் குங்குமம். போட்டோ பிரமாதம். மறுநாள் காலையில் துணியால் துடைத்தேன். வெளியே ஒரு துளி இல்லை.

ரேஞ்சில் முதலில் ஹமால். பத்தும் வெடித்தது. சத்தம் மட்டும் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருந்தது. அடுத்து மாமி. முதல் தோட்டா வெடித்தது. இரண்டாவதுக்கு 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தாமதமாக வெடித்துவிடுமோ என்று சாகுல் அண்ணன் துப்பாக்கியை இலக்கின் பக்கமே நீட்டியபடி கொஞ்ச நேரம் காத்திருந்து, அந்தத் தோட்டாவை வெளியே எடுத்துப் பார்த்தார். தோட்டாவின் அடியில் மெல்லிசாக ஒரு பள்ளம், நகத்தால் கீறியது போல; ஊசி பலமாகக் குத்தவில்லை. ஐந்தாவதும் அப்படியே.

"அண்ணே, உங்க மாமி வெட்கப்படுதாவ" என்றேன்.

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. துப்பாக்கியையே பார்த்தார்.

வக்கீல் அம்மா ஹமாலைக் கையில் எடுத்து, "எனக்கு இந்த முரடன் போதும்" என்றார். கடைக்குத் திரும்பி, எழுத வேண்டியதெல்லாம் எழுதி, அவர் கிளம்பியபோது மணி ஒன்று. அவர் போனதும் சார் சாகுல் அண்ணனிடம் திரும்பினார்.

"ஸ்பிரிங் மாத்தினது யாரு?"

"நான்தான் சார்."

"கஸ்டமர் முன்னாடி என் மானம் போச்சு. இனிமே நீ கை வைக்காதே. கல்யாண்ல துப்பாக்கி ரிப்பேர் பண்ற ஒரு மிஸ்திரி இருக்கார், அவரை வரச் சொல்றேன். அவர் பார்த்துச் சொல்லட்டும், இந்த மேசையில யார் உட்காரணும்னு."

பதினான்கு வருடமாக அந்த மேசையில் இருக்கிறவர். அண்ணன் தன் சின்ன ஸ்க்ரூ டிரைவர்களை அளவு வாரியாக அடுக்க ஆரம்பித்தார். அவை ஏற்கெனவே அளவு வாரியாகத்தான் இருந்தன.

மாமியைப் பெட்டியில் கட்டி வைக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார் சார். கட்டும் முன் காது குடைகிற பஞ்சுக் குச்சியால் தூசி தட்டினேன். பின்பக்க ஓட்டையில் குச்சியை விட்டுத் திருப்பினால் மஞ்சளாக ஏதோ பொடி வந்தது. மூக்கருகே கொண்டு போனேன். கோயில் வாசம்.

அந்த நிமிடத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதை உங்களுக்கு நேர்மையாகச் சொல்ல வேண்டும். முதலில் நினைத்தது, இதை யாரும் பார்க்கவில்லை என்பதுதான். குச்சியைத் தூக்கிப் போட்டால் தீர்ந்தது. கல்யாண் மிஸ்திரி வருவார், ஓட்டை சுத்தமாக இருக்கும், துப்பாக்கி ஒழுங்காகச் சுடும், எல்லோரும் தலையைச் சொறிவார்கள். அண்ணன் மேல் இருக்கிற சந்தேகம் மட்டும் அப்படியே இருக்கும். இரண்டாவதாக நினைத்தது என் வேலையை. மூன்றாவது நினைப்பு வந்ததும் குச்சியோடு எழுந்துவிட்டேன். பொட்டு வைத்தது ஒன்றுக்கு இல்லை, இரண்டுக்கு. இன்னொன்று வக்கீல் அம்மாவின் கைப்பையில் செம்பூருக்குப் போய்விட்டது.

உள்ளே போனேன். அண்ணன் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்து, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். குச்சியை நீட்டினேன்.

"அண்ணே, இது நாந்தான். நேத்து பொட்டு வச்சேன். பின்னாடி, அந்த ஓட்டையில."

மோந்து பார்த்தார். என்னைத் திட்டுவார், அடிப்பார் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"அந்தத் துப்பாக்கிக்கும் வச்சியால?"

"ஆமாண்ணே."

"அந்தம்மா வீடு போய்ச் சேந்திருப்பாவளா?"

தன் மேசை போகிறதே என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. முதலில் வந்தது இந்தக் கேள்வி. இதை நான் அப்போது கவனிக்கவில்லை, அன்று சாயங்காலம்தான் யோசித்தேன்.

இரண்டு பேரும் சாரிடம் போய்ச் சொன்னோம். சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடியும் மாட்டினார்.

"அது பத்தும் சுட்டதே. அவா கண்ணால பார்த்தா. இப்ப போன் பண்ணி உங்க துப்பாக்கிக்குள்ள சந்தனம் இருக்குன்னா, நாளைக்கு இந்தக் கடைப்படி யார் ஏறுவா? சர்வீசுக்குன்னு ஒரு மாசம் கழிச்சு வரச் சொல்லலாம்."

"ஒரு மாசத்துக்குள்ள அவங்களுக்கு அது வேணும்னா சார்?" என்றேன்.

"அப்படி எல்லாம் நடக்காது."

"நடக்காதுன்னா அவங்க எதுக்கு சார் வாங்கினாங்க?"

நான் எதிர்த்துப் பேசுகிற ஆள் இல்லை. கிண்டல் பண்ணுவேன், அது வேறு. நான் கவுண்டர் போனை எடுத்து நம்பரைப் போட்டேன். தடுக்க சாருக்கு நேரம் இருந்தது. தடுக்கவில்லை. அதற்காக அவரிடம் இன்றுவரை எனக்கு மரியாதை.

நாலரை மணிக்கு வக்கீல் அம்மா வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என்னை நிற்க வைத்தார்.

"பொட்டு எப்ப வச்சே?"

"பூஜை அன்னிக்கு மேடம்."

"எங்க வைக்கச் சொன்னா?"

"கட்டையில."

"நீ எங்க வச்சே?"

"நெத்தியில."

"துப்பாக்கிக்கு நெத்தி இருக்கா?"

"போட்டோல இருந்திச்சு மேடம்."

அவர் உதடு ஒரு பக்கம் இழுத்தது. "இன்னொண்ணுக்கு மாமின்னு ஏன் பேரு?"

இந்தக் கேள்விக்கு நான் இன்றுவரை பதில் சொல்லவில்லை. பின்னால் யாரோ இருமினார்கள், சார்தான்.

சாகுல் அண்ணன் அவர் முன்னாலேயே ஹமாலைப் பிரித்தார். ஊசியை வெளியே எடுத்தார். சந்தனமும் எண்ணெயும் குழைந்து, பஞ்சாமிர்தம் மாதிரி அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"மாமிக்கு இடைவெளியே கிடையாதும்மா. சந்தனம் வாசல்லயே காஞ்சுபோச்சு, உடனே காட்டிக் குடுத்துட்டு. இவனுக்கு வழி அகலம். உள்ள எறங்கி ஈரமா கெடந்துருக்கு, அதனால இன்னைக்குச் சுட்டுட்டான். ரெண்டு நாள்ல இது கெட்டியாயிரும். அதுக்கப்புறம் டிக்குன்னு ஒரு சத்தம்தான் வரும்."

பத்துக்குப் பத்து வாங்கிய துப்பாக்கி அது. நாங்கள் எல்லோரும் பார்த்து, கைதட்டி, நல்லது என்று கொடுத்து அனுப்பியது.

வக்கீல் அம்மா கத்துவார் என்று எதிர்பார்த்தோம். அவர் தன் கைப்பையைத் திறந்து மேசையில் கவிழ்த்தார். கோயில் விபூதிப் பொட்டலம் நாலு, எல்லாம் ஓரம் கிழிந்து பொடி கொட்டுகிறது. காய்ந்த பூ, சேஃப்டி பின், நூல், ரசீதுகள், ஒரு கால் முறுக்கு.

"இவன் பொட்டு வைக்கலைன்னாலும் என் பை வச்சிருக்கும்" என்றார். "நீங்க சுத்தமான துப்பாக்கியைச் சுத்தமான எடத்துல சுட்டுக் காட்டினேள். என்னை மறிக்க வரவன், நான் துடைச்சு வச்சிருக்கற நாளாப் பார்த்தா வருவான்? ரெண்டையும் சுத்தம் பண்ணுங்கோ. காலியா இந்தப் பையில போட்டு, இங்கயே ஒரு வாரம் வச்சுண்டு, தினம் நாலு தடவை குலுக்குங்கோ. அப்புறம் சுடுங்கோ."

துப்பாக்கி வியாபாரத்தில் இத்தனை வருடம் இருந்த எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. சோம்பு மூன்றைத் தாளில் வரிசையாக வைத்துப் பார்த்த எனக்கும்தான்.

அந்த ஒரு வாரம் பையைக் குலுக்கும் வேலை எனக்குத் தண்டனையாக வந்தது. ஆட்டோவில் போவது மாதிரி இருக்க வேண்டும் என்று செம்பூர் நாக்கா சந்திப்பின் பள்ளங்களை எல்லாம் நினைத்துக்கொண்டு குலுக்கினேன். எட்டாம் நாள் ரேஞ்ச். மாமி இரண்டு சுட்டது. மூன்றாவதில் ஸ்லைடு முக்கால் வழி வந்து நின்றுவிட்டது. அந்த அழகான இறுக்கத்துக்கு நடுவில் விபூதி. ஹமால் முதல் குண்டோடு ஒரு புகை மாதிரி விபூதியைத் துப்பியது. பத்தும் சுட்டது.

இரண்டையும் மறுபடி சுத்தம் செய்து சுட்டபோது இரண்டும் தவறவில்லை. அண்ணன் போட்ட ஸ்பிரிங்கில் ஒரு குறையும் இல்லை. சார் எல்லோர் முன்னாலும், "சாகுல், நான் அவசரப்பட்டுட்டேன்" என்றார். கல்யாண் மிஸ்திரியிடம் வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று. அண்ணன் தலையை ஆட்டிவிட்டு, "மாமி மேசை டிராயருக்கு சார். பொறந்த வீட்டுல ராணி மாதிரி இருக்கும். கைப்பைக்கு இவன்தான்" என்றார். தன் கட்சி தோற்றதை இவ்வளவு கௌரவமாகச் சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை. நான் ஜெயித்தும் கொண்டாட முடியாமல் நின்றேன்.

ஹமாலுக்குத் தாராவியில் எங்கள் சந்துக்காரர் ஒருவர் மூடி வைத்த தோலுறை தைத்துக் கொடுத்தார். வக்கீல் அம்மா மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறார், அண்ணன் பிரித்துப் பார்ப்பார். இதுவரை அதைப் பையிலிருந்து எடுக்க வேண்டி வரவில்லை. மான்குர்த் வழக்கில் போன மாதம் குடிசைக்காரர்களுக்கு ஸ்டே கிடைத்தது. அன்று கடைக்கு லட்டு வந்தது. லட்டைத் தனி டப்பாவில் போட்டு, டேப் ஒட்டிக் கொண்டுவந்தார். "என் பையைப் பத்தி உங்களுக்குத்தான் தெரியுமே" என்றார்.

ஆகவே, கவுண்டரில் நிற்கப் போகிறவர்களே, பளபளப்பையும் பாருங்கள், குலுக்கியும் பாருங்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வாங்குகிறவரிடம் முதலில், அதை எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று கேளுங்கள். முடிந்தால் அந்தப் பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். சிலர் கோபப்படுவார்கள். சோம்பு விழும். சிரிக்காமல் இருக்கப் பழகுங்கள், என்னால் முடியவில்லை. உங்கள் கையால் ஒன்று கெட்டுப் போனால் அது எத்தனை துப்பாக்கிக்குப் போயிருக்கும் என்று அதே நிமிடம் எண்ணிப் பாருங்கள். போனை எடுக்க அதிக நேரம் யோசிக்காதீர்கள். யோசிக்க யோசிக்கக் கை கனக்கும்.

என்னைப் பின்பக்கத்து மேசைக்குக் கேட்டது சாகுல் அண்ணன்தான் என்று சார் சொன்னார். ஏன் என்று அண்ணனிடம் கேட்டேன். "கண் முன்னால இருந்தாத்தாம்ல நீ எங்க கை வைக்கன்னு தெரியும்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் வாங்க முடியவில்லை.

இந்த வருடம் பூஜைக்குத் துணி விரித்து எல்லாம் அடுக்கியதும், சந்தனக் கிண்ணத்தோடு நான் ஓரமாக நின்றேன். எந்தப் பக்கம் போவது என்று பயம். அண்ணன் எழுந்து வந்தார். அடுக்கியிருந்த வரிசையை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார்.

"எல்லாத்தையும் உன் நெத்தியிலயே வச்சுக்கோல. உள்ள அடைக்கதுக்கு அங்கதான் ஒண்ணும் இல்ல."

வைத்துக்கொண்டேன். அந்தப் போட்டோவும் நன்றாகத்தான் வந்தது.